கடல்நீரை மின்னாற்பகுத்தால் என்ன கிடைக்கும்? வினையூக்கியே முடிவு செய்கிறது

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையிலிருந்து சற்று உள்ளே சென்று, ஒரு லிட்டர் கடல்நீரை முகந்து வந்து முழுதும் வற்றவிட்டால், ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் எஞ்சும். அவற்றில் பெரும்பகுதி நாம் சமையலில் இடும் சோடியம் குளோரைடுதான் என்றாலும், அதனோடு வேறு பலவும் கலந்திருக்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் குளோரைடு 19 கிராமும், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், சல்பேட் 2.7 கிராமும், மக்னீசியம் 1.3 கிராமும், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராமும், புரோமைடு 0.07 கிராமும் இருப்பது வழக்கம். இவை அனைத்தும் மின்னூட்டம் கொண்ட அயனிகளாகக் கரைந்திருப்பதால் கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. கடத்துவதோடு நில்லாமல், மின்சாரம் பாயும்போது வேதிமாற்றமும் அடைகிறது. அந்த மாற்றத்தை நமக்கு வேண்டிய பொருளை நோக்கித் திருப்புவது எப்படி என்பதை வேதியியல் புதிதாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் செலுத்திக் கடல்நீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு என்றதும், செய்தித்தாள்களில் பெரும்பாலும் ஹைட்ரஜனைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். ஹைட்ரஜன் கிடைப்பது உண்மைதான். ஆனால் அது எதிர்மின்வாயில், அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த மின்முனையில், நடப்பது மட்டுமே. நேர்மின்வாயில் என்ன விளைகிறது, அது யாருக்குப் பயன்படும், பயன்படாவிட்டால் எங்கே போகும் என்ற கேள்விகள்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் பயனையும் கேட்டையும் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேள்விகளுக்கு விடை, மின்வாயின் மேல் பூசப்படும் சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள, வினையை விரைவுபடுத்தும் வினையூக்கிப் படலத்தில் இருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். ஒரு பாத்திரத்துக் கடல்நீரில் இரண்டு மின்வாய்களை அமிழ்த்தி நேர்மின்னோட்டம் செலுத்தினால், எதிர்மின்வாயில் நீர் மூலக்கூறுகள் எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ரஜன் வாயுவாகவும் ஹைட்ராக்சைடு அயனிகளாகவும் பிரிகின்றன. நேர்மின்வாயிலோ எலக்ட்ரான்கள் பிடுங்கப்படுகின்றன. அங்கே எலக்ட்ரானை இழக்க இரு தரப்பினர் காத்திருக்கிறார்கள். நீர் இழந்தால் ஆக்சிஜன் கிடைக்கும். குளோரைடு இழந்தால் குளோரின் கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு மைக்கேல் பாரடே வகுத்துத் தந்த கணக்கு இன்றும் பிசகாமல் பொருந்துகிறது. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் 26.8 மணி நேரம் பாய்ந்தால் எதிர்மின்வாயில் ஒரு கிராம் ஹைட்ரஜனும் 40 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு நிகரான காரமும் உண்டாகும். அதே நேரத்தில் நேர்மின்வாயில் 8 கிராம் ஆக்சிஜனோ, 35.5 கிராம் குளோரினோ, இரண்டும் கலந்தோ வெளிவரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த கடல்நீரை ஊற்றி, சிட்டிகை மஞ்சள் தூளைச் சிறிது ஆல்கஹாலில், அதாவது கை கழுவும் சானிடைசரில், கரைத்து வடித்து அதில் கலந்து, இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்களை 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்து அமிழ்த்தினால் போதும். எதிர்மின்வாயின் கரிமுனையிலிருந்து நுண்ணிய குமிழிகள் இடைவிடாமல் எழும். அதைச் சுற்றியுள்ள மஞ்சள் நிறம் செந்நிறமாக மாறும், ஏனெனில் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சற்று நேரத்தில் அதே முனையிலிருந்து வெண்ணிற மேகம் போன்ற ஒன்று நூல் நூலாகக் கீழே இறங்கும். அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. குழாய்த் தண்ணீரில் உப்புத் தூளைக் கரைத்துச் செய்தால் இந்த வெண்மேகம் பெரும்பாலும் தோன்றாது. மறுமுனையில் குமிழிகள் குறைவாகவே இருக்கும். ஆனால் அங்கே மஞ்சள் வெளுத்துப் போகும், நீச்சல் குளத்தருகே வீசும் நெடி மெல்ல எழும். குளோரின் பிறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இந்தச் சோதனையைச் சன்னல்களைத் திறந்து வைத்து, ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நீட்டாமல், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். பென்சிலுக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியமும் நிக்கலும் கரைந்து நச்சுப் பொருள்களாகும்.

ஒரு குவளைக்குள்ளேயே ஹைட்ரஜன், காரம், மக்னீசியம் ஹைட்ராக்சைடு, குளோரின் என நான்கு பொருள்கள் உண்டாகிவிட்டன. குளோரின் காரத்தோடு சேரும்போது ஐந்தாவதாகச் சோடியம் ஹைப்போகுளோரைட் உண்டாகிறது. கொரோனா காலத்தில் தெருக்களில் கிருமிநாசினியாகத் தெளிக்கப்பட்டது இதுவே. ஆகவே கடல்நீரிலிருந்து பயனுள்ள வேதிப்பொருள்களை எடுப்பது முடியுமா என்பதில் ஐயமே இல்லை. கலவையாக வருவதைத் தனித்தனியாக, வேண்டியதை மட்டும், குறைந்த மின்செலவில் வரச் செய்வதுதான் கடினம்.

ஆக்சிஜனா, குளோரினா?

பாடநூல் அட்டவணையைப் பார்த்தால், நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்க 1.23 வோல்ட் போதும், குளோரைடிலிருந்து குளோரினை எடுக்க 1.36 வோல்ட் வேண்டும் என்று இருக்கும். அப்படியானால் ஆக்சிஜன்தானே முதலில் வர வேண்டும்? நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக இரண்டு நீர் மூலக்கூறுகள் நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் படிப்படியாக இழந்து, நடுவில் பல இடைநிலைகளைக் கடந்தாக வேண்டும். குளோரினுக்கோ இரண்டு குளோரைடு அயனிகள் ஆளுக்கொரு எலக்ட்ரானைக் கொடுத்தால் போதும். படிகள் குறைவாக இருப்பதால் அந்த வினை விரைவாக நடந்துவிடுகிறது. ஆக்சிஜன் வினையைத் தொழில் வேகத்துக்குக் கொண்டுவர, அட்டவணை சொல்லும் அளவுக்கு மேலும் சில நூறு மில்லிவோல்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை மிகை மின்னழுத்தம் என்கிறோம். அந்த மிகையைக் கொடுத்த கணமே குளோரின் வினைக்குத் தேவையான எல்லையும் தாண்டப்பட்டு விடுகிறது.

வினையூக்கியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வினை எந்த அளவுக்குப் போக இயலும் என்பதை வினையூக்கி மாற்றுவதில்லை. எவ்வளவு எளிதில், எவ்வளவு வேகமாகப் போகும் என்பதையே மாற்றுகிறது. தன் மேற்பரப்பில் மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்தி, பிணைப்புகளைத் தளர்த்தி, விளைபொருளை விடுவித்துவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிறது. பிடிப்பு மிகவும் தளர்ந்திருந்தால் வினை தொடங்காது. மிகவும் இறுகியிருந்தால் விளைபொருள் வெளியேறாது. ஆக்சிஜனுக்கு ஏற்ற பிடிப்பும் குளோரினுக்கு ஏற்ற பிடிப்பும் பல உலோக ஆக்சைடுகளில் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதை இத்தாலிய மின்வேதியியலாளர் செர்ஜியோ திரசாத்தி 1980-களில் எடுத்துக்காட்டினார். ஒன்றுக்கு நல்ல வினையூக்கி மற்றதற்கும் நல்ல வினையூக்கியாகவே அமைந்துவிடுவதுதான் இத்துறையின் அடிப்படைச் சிக்கல். வினையூக்கியை அப்படியே பயன்படுத்தாமல் மாற்றியமைக்கப் பல வழிகள் தேடப்படுவதற்கு இதுவே காரணம்.

குளோரினே வேண்டும் என்றால் வழி ஏற்கனவே நன்கு வகுக்கப்பட்டிருக்கிறது. உப்புக் கரைசலிலிருந்து குளோரினையும் சேர்த்து எடுக்கும் காஸ்டிக் சோடா ஆலைகளில் முன்பு கிராஃபைட்டை நேர்மின்வாயாகப் பயன்படுத்தினார்கள். அது நாளடைவில் அரித்துத் தேய்ந்து, இரு மின்வாய்களுக்கும் இடையிலான தொலைவு கூடி, மின்செலவை ஏற்றிக்கொண்டே போனது. 1960-களில் ஹென்றி பீர் என்ற ஆய்வாளர், டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தீனியம் ஆக்சைடையும் டைட்டானியம் ஆக்சைடையும் கலந்து பூசினால் மின்வாய் தேயாமல் நிலைக்கும் என்று கண்டறிந்தார். உலகின் குளோரின் தொழிலையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. ருத்தீனியம் ஆக்சைடு தனியாக இருந்தால் கரைந்துபோகும். டைட்டானியம் ஆக்சைடு தனியாக இருந்தால் மின்சாரம் கடத்தாது. இரண்டும் ஒரே படிக அமைப்பில் கலந்தபோது வேகமும் உறுதியும் ஒருங்கே வந்தன. மாற்றியமைத்த வினையூக்கி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் காணவில்லை. டைட்டானியத்தை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய மின்வாய்களில் நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில், இரு மின்வாய்களையும் நடுவே ஒரு சவ்வால் பிரிக்கும் முறையில் இயங்கும் காஸ்டிக் சோடா ஆலை ஒன்று உண்டு. அதற்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இத்தகைய ஆலைகள் கடல்நீரை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. உப்பைக் கரைத்து, லிட்டருக்கு 300 கிராம் அளவிலான செறிந்த கரைசலாக்கி, அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வீழ்படிவாக்கி நீக்கி, பின்னர் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாகச் செலுத்தி, கடினத்தன்மையை நூறு கோடியில் 20 பங்குக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். கடல்நீரில் அதே கால்சியமும் மக்னீசியமும் பத்து லட்சத்தில் 1,700 பங்கு அளவுக்கு இருக்கின்றன. இந்த இடைவெளியைப் பார்த்தாலே, கடலிலிருந்து குழாய் வழியாக நேரே, மின்னாற்பகுப்பு நடக்கும் மின்கலத்துக்கு நீரைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய சவால் என்பது விளங்கும். சவ்வின் நுண்துளைகளில் அந்த இரண்டு உலோகங்களும் படிந்து சில நாள்களிலேயே அதைப் பாழாக்கிவிடும்.

நேரடிக் கடல்நீரில் குளோரின் எடுக்கும் முறை வேறோர் இடத்தில் நன்றாகவே நடைமுறையில் இருக்கிறது. கடலோர மின்நிலையங்களின் குளிர்நீர்க் குழாய்களுக்குள் கொட்டலசும் மட்டிகளும் பாசியும் ஒட்டி வளர்ந்து நீரோட்டத்தை அடைக்கும். அதைத் தடுக்க, உள்ளே வரும் கடல்நீரில் ஒரு பகுதியைச் சவ்வில்லாத மின்கலங்கள் வழியாக ஓடவிட்டு, லிட்டருக்கு அரை கிராம் முதல் இரண்டு கிராம் வரை ஹைப்போகுளோரைட் உள்ள நீராக்கி, மீண்டும் பிரதான குழாயில் கலந்துவிடுகிறார்கள். கப்பல்கள் நிலைகுலையாதிருக்க அடியில் ஏற்றிக்கொள்ளும் நிலைப்பு நீரைக் கிருமி நீக்கம் செய்யவும் இதே முறை பயன்படுகிறது. அந்நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின் இதன் தேவை பெருகியது. குளோரின் உருளைகளை லாரியில் ஏற்றி ஊர்கள் வழியாகக் கொண்டுசெல்லும் ஆபத்து இதில் இல்லை. சிப்காட்டை ஒட்டி வாழும் கடலூர் மக்களுக்கு இந்த ஒரு நன்மையின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

குளோரின் வேண்டாம் என்றால்?

ஏன் வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது நேர்மின்வாயில் குளோரின் மட்டுமே வந்தால், 35 கிலோ குளோரின் சேரும். உலகம் இன்று ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. அவ்வளவையும் இவ்வழியில் எடுத்தால் 300 கோடி டன்னுக்கு மேல் குளோரின் குவியும். உலகம் முழுவதும் வாங்கிப் பயன்படுத்தும் குளோரினோ ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னைக்கூட எட்டுவதில்லை. காற்றைவிடக் கனமான, நுரையீரலை எரிக்கும் அந்த வாயுவை எங்கும் கொட்ட முடியாது. ஆகவே ஹைட்ரஜனைப் பெருமளவில் எடுக்க நினைப்பவர்கள் நேர்மின்வாயில் ஆக்சிஜனை மட்டுமே வரவழைத்தாக வேண்டும்.

இதற்கு ஒரு வழி காரத்தைக் கூட்டுவது. நீரின் பிஎச் அளவு 7.5-க்கு மேல் போனால், ஆக்சிஜன் வினைக்கும் ஹைப்போகுளோரைட் உண்டாகும் வினைக்கும் இடையே ஏறக்குறைய 480 மில்லிவோல்ட் இடைவெளி திறக்கிறது. அந்த இடைவெளிக்குள்ளேயே தேவையான மின்னோட்டத்தைத் தரக்கூடிய வினையூக்கி கிடைத்துவிட்டால் குளோரைடு தொடப்படாமலே இருக்கும். இந்த அளவுகோலைப் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வகுத்துரைத்தார்கள். அதன்பின் வந்த பெரும்பாலான ஆய்வுகள் இதை ஒட்டியே நடக்கின்றன. நிக்கலும் இரும்பும் அடுக்கடுக்காக அமைந்த ஹைட்ராக்சைடுகள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை. பிளாட்டினம், இரிடியம் போல விலை உயர்ந்த உலோகம் எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை என்பது கூடுதல் நன்மை.

ஆனால் இடைவெளி மட்டும் போதாது. குளோரைடு எலக்ட்ரானை இழக்காவிட்டாலும், உலோகத்தின் மேல் துளைத் துளையாக அரிமானத்தை உண்டாக்கும். கடற்கரையோர வீடுகளின் சன்னல் கம்பிகள் என்ன ஆகின்றன என்பதை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. எனவே குளோரைடை வினையூக்கியின் அருகிலேயே வரவிடாமல் தடுக்க வேண்டும்.

தடுப்பதில் இரண்டு உத்திகள் முக்கியமானவை. முதலாவது, வினையூக்கியின் மேல் மாங்கனீசு ஆக்சைடு போன்ற மற்றொரு மெல்லிய படலத்தைப் போர்த்துவது. 1980-லேயே இந்த விளைவு பதிவு செய்யப்பட்டது. பின்னர் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தார் மாங்கனீசு ஆக்சைடோடு மாலிப்டினம், டங்ஸ்டன் ஆகியவற்றைச் சேர்த்து அதை மேம்படுத்தினார்கள். வலைக்கண்ணின் அளவைப் பொறுத்து எந்த மீன் சிக்கும், எது நழுவும் என்பது அமைவதைப் போல, இந்தப் படலம் நீரையும் அதிலிருந்து பிறக்கும் ஆக்சிஜனையும் போகவரவிட்டு, குளோரைடை வெளியே நிறுத்துகிறது. இதே வகைப் போர்வைகளைக் கொண்டு, கடல்நீரை மின்னாற்பகுத்து அதன் காரத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிணைத்துவைக்கும் முயற்சிகளும் அண்மையில் தொடங்கியிருக்கின்றன.

இரண்டாவது உத்தி மின்னூட்டத்தைப் பயன்படுத்துவது. 2019-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜி தாய் தலைமையிலான குழு, நுண்துளைகள் நிறைந்த நிக்கல் நுரையின் மேல் நிக்கல் சல்பைடையும், அதன் மேல் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடையும் வளர்த்தது. மின்சாரம் பாயத் தொடங்கியதும் சல்பைடு தானே சல்பேட்டாக மாறி, கரைசலிலிருந்து வந்த கார்பனேட்டோடு சேர்ந்து மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கொண்ட அடுக்காக அமைந்தது. குளோரைடும் எதிர்மின்னூட்டம் கொண்டதே ஆகையால், அது விலக்கித் தள்ளப்பட்டது. காரம் சேர்த்த கடல்நீரில் அந்த மின்வாய் 1,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. பாதுகாப்பு அடுக்கை வெளியிலிருந்து பூசாமல், மின்வாய் தன் வேலையின் போக்கிலேயே அதை உண்டாக்கிக்கொள்ளும்படி அமைத்திருந்தது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது.

எனினும் காரம் சேர்த்தல் என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கடல்நீரில் காரத்தைச் சேர்த்த உடனே மக்னீசியம் வெண்ணிற வீழ்படிவாகிவிடும். அதை வடிகட்டிய பிறகே மின்கலத்தில் விட முடியும். காரம் சேர்க்காமல் இயற்கையான கடல்நீரையே பயன்படுத்தினாலோ, பென்சில் முனையில் பார்த்த அதே வெண்மேகம் எதிர்மின்வாயை மூடி அடைக்கும். 2023-ல் அடிலெய்டு பல்கலைக்கழகக் குழு இதற்கு ஒரு விடை கண்டது. கோபால்ட் ஆக்சைடின் மேல் குரோமியம் ஆக்சைடை மெல்லியதாகப் படியவைத்து, பிறக்கும் ஹைட்ராக்சைடு அயனிகளை அந்தப் படலமே பிடித்துவைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். வினையூக்கியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிகச் சிறிய நீர்ப்பகுதி மட்டும் காரமாக இருக்க, சுற்றியுள்ள கடல்நீர் தன் இயல்பிலேயே இருந்தது. சீனாவில் 2022-ல் ஒரு குழு முற்றிலும் வேறு வழியில் போயிற்று. நீராவியை மட்டும் விட்டு நீரை விலக்கும் சவ்வு ஒன்றைக் கடல்நீருக்கும் மின்கலத்திலுள்ள கரைசலான மின்பகுளிக்கும் நடுவே வைத்து, உப்பு உள்ளே வரவே வராமல் தடுத்து, 3,200 மணி நேரம் இயக்கிக் காட்டியது. அதில் வினையூக்கி கடல்நீரைச் சந்திப்பதே இல்லை.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: இத்தனை பாடு எதற்கு, கடல்நீரை நன்னீராக்கிப் பிறகு மின்னாற்பகுத்தால் ஆகாதா? ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குத் தேவை 9 லிட்டர் நீர். கடல்நீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனை எடுக்கவோ 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். நன்னீராக்கும் செலவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆகையால் நன்னீரை மிச்சப்படுத்துவதற்காகக் கடல்நீரை மின்னாற்பகுக்கிறோம் என்ற வாதம் எனக்கு வலுவானதாகத் தோன்றவில்லை. சென்னையை அடுத்த நெம்மேலியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கு மேல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இயங்கும் இக்காலத்தில் அந்த வாதம் இன்னும் மெலிகிறது. கடல்நீரிலுள்ள உப்புகளையே மூலப்பொருளாகக் கருதி, அவற்றிலிருந்து விலைபோகும் பொருள்களை எடுக்கும்போதுதான் இந்த முறை தனக்கென ஒரு நியாயத்தைப் பெறுகிறது. குடிநீராக்கும் ஆலைகள் கடலுக்குத் திருப்பி அனுப்பும், உப்பு ஏறக்குறைய இருமடங்கு செறிந்த கழிவுநீரும், உப்பளப் பாத்திகளில் உப்பு விளைந்தபின் எஞ்சும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரும் இதற்குச் சாதாரணக் கடல்நீரைவிட ஏற்றவை.

எவற்றையெல்லாம் எடுக்கலாம்?

எதிர்மின்வாயை அடைக்கும் தொல்லையாக மேலே சொன்ன மக்னீசியம் ஹைட்ராக்சைடே ஒரு நல்ல விளைபொருள். ஒரு லிட்டர் கடல்நீரிலிருந்து 3 கிராம் அளவுக்கு அது கிடைக்கும். வயிற்றுப் புளிப்புக்குத் தரும் வெண்ணிற மருந்திலும், தீப்பற்றுவதைத் தணிக்கும் நெகிழிக் கலவைகளிலும், அமிலக் கழிவுநீரை நடுநிலையாக்கவும், சுட்டு மக்னீசியாவாக்கி உலைச் செங்கற்களிலும் அது பயன்படுகிறது. கடல்நீரிலிருந்து மக்னீசியம் எடுப்பது புதிய கனவும் அன்று. அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட்டில் டவ் நிறுவனம் 1941-லிருந்து இதைச் செய்தது. அங்கே வீழ்படிவாக்கப் பயன்பட்டது சிப்பி ஓடுகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. சுண்ணாம்பு சுடும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, மின்சாரத்தால் காரம் உண்டாக்கும்போது இல்லை. எதிர்மின்வாயின் மேற்பரப்பை வழவழப்பாக்கி, குமிழிகள் விரைந்து கழன்று போகும்படியும் வீழ்படிவு ஒட்டாமல் உதிரும்படியும் வடிவமைப்பது இங்கே வினையூக்கியின் வேலைகளில் ஒன்றாகிறது.

அதே எதிர்மின்வாயில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடையும் எடுக்கலாம். அதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனை மின்வாய்க்கு ஊட்ட வேண்டும். ஆக்சிஜன் நான்கு எலக்ட்ரான்களைப் பெற்றால் நீராகிவிடும். இரண்டோடு நிறுத்தினால் பெராக்சைடாகும். நைட்ரஜன் கலந்த கார்பனில் கோபால்ட் அணுக்களைத் தனித்தனியாகப் பதித்த வினையூக்கிகள் இரண்டோடு நிறுத்தக் கற்றிருக்கின்றன. கிருமி நீக்கத்துக்கும் சாயக் கழிவைச் சுத்திகரிக்கவும் அந்தந்த இடத்திலேயே நீர்த்த பெராக்சைடு தயாரிக்க இது உதவும்.

நேர்மின்வாயிலும் மாற்று உண்டு. நீருக்கும் குளோரைடுக்கும் முன்னதாகவே எலக்ட்ரானை இழக்கக்கூடிய ஒரு கரிமப் பொருளைக் காரக் கரைசலில் சேர்த்துவிட்டால், போட்டியே எழாது. பயோடீசல் தயாரிப்பில் மிஞ்சும் கிளிசரால் அதற்கு ஏற்றது. நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகளின் மேல் அது ஃபார்மிக் அமிலத்தின் உப்பான ஃபார்மேட்டாக மாறும். மின்னழுத்தம் குறைகிறது, ஹைட்ரஜனும் கிடைக்கிறது, குளோரின் பிறப்பதில்லை. குளோரைடைத் துணையாகக் கொள்ளும் வழியையும் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2020-ல் காட்டியது. நேர்மின்வாயில் பிறக்கும் குளோரின் எத்திலீனோடு சேர்ந்து இடைநிலைப் பொருளாகிறது. எதிர்மின்வாயின் காரத்தோடு அதைக் கலக்கும்போது நெகிழிகளுக்கும் துப்புரவுப் பொருள்களுக்கும் அடிப்படையான எத்திலீன் ஆக்சைடு கிடைக்கிறது. குளோரைடு மீண்டும் கரைசலுக்கே திரும்பிவிடுகிறது. அந்த ஆய்வு குளோரைடு கரைசலில் நடந்ததே தவிரக் கடல்நீரில் அன்று. எனினும் குளோரைடைச் செலவழிக்காமல் வேலைவாங்கலாம் என்ற எண்ணம் கடல்நீருக்கும் பொருந்தும்.

புரோமைடைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அளவில் மிகச் சிறியதாயினும் அது குளோரைடைவிட எளிதாக, 1.07 வோல்ட்டிலேயே, எலக்ட்ரானை இழக்கிறது. மின்னாற்பகுத்த கடல்நீரில் அது புரோமேட்டாகவும், கரிமக் கழிவுகளோடு சேர்ந்து புரோமோஃபார்மாகவும் மாறக்கூடும். குடிநீரில் புரோமேட் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே மின்னாற்பகுத்த கடல்நீரைக் குடிநீர்த் தொட்டியில் ஊற்றிக் கிருமி நீக்கலாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. பயன்படுத்தி முடித்த நீரைக் கடலில் விடும்போதும், எஞ்சியிருக்கும் குளோரினைச் சோடியம் சல்பைட் (sulphite) போன்றவற்றால் முறித்த பிறகே விட வேண்டும். மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் கழிமுகங்களின் அருகே இதில் சிறு தளர்வும் கூடாது.

இத்துறையில் வெளியாகும் ஒரு புதிய அறிவிப்பைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, சோதனை உண்மையான கடல்நீரில் நடந்ததா, அல்லது தூய நீரில் உப்பைக் கரைத்துச் செய்ததா என்பது. பல ஆய்வுகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மக்னீசியமும் புரோமைடும் நுண்ணுயிர்களும் இல்லை. அடுத்து, மின்வாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் எவ்வளவு மின்னோட்டம் செலுத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். பத்து மில்லிஆம்பியரில் நன்றாக உழைக்கும் வினையூக்கி, ஆலைக்குத் தேவையான சில நூறு மில்லிஆம்பியரில் சில மணி நேரத்தில் உதிர்ந்துபோகலாம். குளோரின் வரவில்லை என்று எழுதியிருந்தால், கரைசலில் ஹைப்போகுளோரைட்டை அளந்து பார்த்தார்களா என்பதையும் தேட வேண்டும்.

நம் கரைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கெடிலமும் பெண்ணையாறும் உப்பனாறும் கலக்கும் இக்கடலில், ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது கரையோர நீரின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வண்டலும் இலைதழைகளும் அம்மோனியாவும் கூடவே வருகின்றன. உப்புக் குறைந்தால் மின்தடை ஏறும், குளோரின் விளைச்சல் இறங்கும். அம்மோனியா இருந்தால் உண்டான குளோரினும் குளோரமீனாக மாறிப்போகும். ஆய்வகத்தில் 1,000 மணி நேரம் உழைத்த மின்வாய் 42 நாள்தான் உழைத்திருக்கிறது; காஸ்டிக் சோடா ஆலைகளின் டைட்டானிய மின்வாய்களோ பூச்சு மாற்றாமல் பல ஆண்டுகள் உழைக்கின்றன. கடலூரிலோ புதுச்சேரியிலோ இத்தகைய ஒரு மின்கலத்தை நிறுவ எண்ணுபவர்கள், நீர் எடுக்கும் குழாயைக் கழிமுகத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எந்த ஆழத்தில் வைப்பது என்பதையும், ஒரு முழு மழைக்காலத்து நீரை அந்த வினையூக்கி தாங்குமா என்பதையும் சோதித்துப் பார்த்த பிறகே மற்றக் கணக்குகளைப் போடத் தொடங்க முடியும்.